அப்பாவின் உயரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

பாப்பாவை வளர்ச்சி டாக்டரிடம் காட்டப் போனபோது உன் தம்பி துணைக்கு வந்தது நல்லதுதான். ஆனால் நீ சீட்டு எடுக்கப் போன நேரத்தில், அப்பாவின் உயரம் வேண்டுமென்று அவனை நிறுத்தி அளந்தார்களாமே! அவனும் “நான் மாமா” என்று சொல்லவில்லையாமே! பனைமரமாக வளர்ந்தவனோடு ஒப்பிட்டால் பாப்பா இன்னும் குள்ளமாகத்தான் தெரிவாள்.

இன்று வேலை செய்யும் கிடங்கில் மேஸ்திரியிடம் டேப்பைக் கொடுத்து, சுவரோரம் நின்றேன்.

“என்னய்யா, பொண்ணு பாக்கவா போறே?”

“பெத்த பொண்ணுக்குத்தான் அண்ணே, சரியா அளங்க.”

நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். சத்தியமாகக் குதிகாலைத் தூக்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிடு.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். சரக்கு ஏற்ற வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பாதத்தை நீயே வரை, உன் தம்பியிடம் கொடுக்காதே.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா