கூரை வரை போன ஆம்லெட்

மகாராணிக்கு,

கூரை வரை பறந்து, அங்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, வாணலிக்கே திரும்பிய ஆம்லெட் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நான் போட்டது. நேற்று மகளிடம், "உங்கப்பாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது" என்றாயே, ரிட்டயர் ஆனவனுக்கு மானமாவது மிஞ்ச வேண்டாமா? தையல் கடையில் வேலை போய் நீ அழுதுகொண்டே வந்த அன்று, அப்போதைய நம் ஒற்றை அறையில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கி, முட்டை ஊற்றி, ஸ்பெயின்காரர்கள் போடுவதுபோல் பத்தே நிமிடத்தில் போட்டு, மேலே தூக்கிப் போட்டுத் திருப்பினேனே, மறந்துவிட்டாயா? இன்றும் அதையே போட்டு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு. நடந்துவிட்டு வருகிறேன், சாவி என்னிடம் இருக்கிறது.

பி.கு.: வாணலி அடிப்பிடித்துவிட்டது. ஊறட்டும், நானே தேய்க்கிறேன்.

*(அதே சீட்டின் அடியில், அவள் கையெழுத்தில்)*

கூரைக்குப் போனது வாஸ்தவம்தான். திரும்பினது வாணலிக்கு இல்ல, என் மடிக்கு. அழுதுட்டிருந்தவ அப்பதான் சிரிச்சேன். மகளுக்கும் போன் பண்ணி, உங்கப்பா போட்டது நிஜம்னு சொல்லிட்டேன்.