தில்லைக்கு மூடி வைத்த சோறு

பலேர்மோ,
09.03.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

நான் போன் எடுத்தால் நீங்கள் பேசுவதில்லை. வட்ஸ்அப்பிலும் என்னை மறித்து வைத்திருக்கிறீர்கள். தபால்காரனை மறிக்க முடியாது என்றுதான் பேனையை எடுத்தேன்.

கடற்படையில் ஒன்றாக இருந்த நம் ஆட்கள் மனைவிமாரோடு கூடுகிற ஒன்றுகூடல் இந்த முறை பலேர்மோவில். யூன் எட்டு, ஞாயிறு, கால்சாவில் எங்கள் பங்கு மண்டபத்தில். மகேந்திரராசா அண்ணை பாரிசிலிருந்தும், குலதுங்கவும் மனைவியும் மிலானோவிலிருந்தும் வருகிறார்கள். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா பெரிய சட்டி இரண்டு இரவல் தருவதாகச் சொல்லிவிட்டார்.

என் மனிசன் ஏர்னஸ்ற்றால் இனி வெளியூர் போக முடியாது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். இருந்தும் குசினிக்குள் கதிரை போட்டு இருந்து, நான் வெங்காயம் வெட்டுவதில் பிழை பிடிக்கிறார். கப்பலில் சமைத்தவர் அல்லவா, இவ்வளவு காலமும் என் கறியில் உப்புக் குறைவு என்றே தீர்ப்புச் சொன்னார். இப்போது அவருக்கே உப்பில்லாச் சமையல்.

அவர் கேட்பது ஒன்றுதான். "தில்லை வரவேணும்." பாரிசில் நடந்த கூடலில் நீங்கள் இருவரும் வாசலோடு திரும்பிப் போய் எட்டு வருடம். ஏன் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கோபத்தைச் சொல்லுங்கள் அக்கா, கேட்கிறேன். தில்லை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
மாக்கிரட்

*

சிவமயம்

டோட்முண்ட்,
27.03.2025

திருமதி மாக்கிரட் ஏர்னஸ்ற் அவர்களுக்கு,

ஏன் என்று தெரியாதா? சரி, சொல்கிறேன்.

அன்றைக்கு இவர் கார் விட இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் முதலில் உள்ளே வந்தேன். மேசையில் இவர்களுடைய கப்பல் கூட்டாளி விமலராஜின் பெயர் எழுதிய தட்டு, முன்னால் மெழுகுதிரி. அந்த மனிதர் செத்து அப்போது ஆறு மாதம்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு, சோறு போட்டு மூடியிருந்தது. மேலே 'தில்லை' என்று எழுதிய துண்டு. உயிரோடு இருக்கிற என் மனிசனுக்குச் செத்தவர் பக்கத்தில் படையலா? வாசலில் ஏறிக்கொண்டிருந்தவரைக் கையில் பிடித்துத் திருப்பினேன். உள்ளே கண்டதை இன்றுவரை இவருக்குச் சொல்லவில்லை, இங்கே நமக்கு மரியாதை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கிழமை இவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி மர வாங்கில் நான் குந்தியிருந்த இருப்பு உமக்குத் தெரியாது.

ஏர்னஸ்ற்றுக்குச் சுகமில்லை என்பது எனக்கும் கவலைதான். அவருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்கிறேன். ஆனால் அந்த மேசைக்கு இவரை அனுப்ப மாட்டேன். உமது கடிதத்தை இவருக்குக் காட்டவும் இல்லை. இனி எழுத வேண்டாம்.

ஞானாம்பிகை தில்லையம்பலம்

*

பலேர்மோ,
06.04.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் தில்லை அண்ணையைக் கட்டியது அவர் கடற்படையை விட்ட பிறகு. நான் திருகோணமலைக் குவாட்டஸில் குடித்தனம் நடத்தியவள். எனக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்துவிட்டோம்.

செத்தவருக்கு நம் ஆட்கள் வைப்பது வெறும் தட்டு. அதையும் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். விமலராஜின் தட்டு அப்படித்தான் இருந்தது, யோசித்துப் பாருங்கள். மூடின தட்டு, கப்பலில் காவலில் நிற்கிறவனுக்கு. தில்லை அண்ணை இயந்திர அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு எல்லாருக்கும் பிந்தித்தான் ஏறி வருவாராம். ஏர்னஸ்ற் அவருடைய பங்கை முதலே போட்டு மூடிவிடுவார். ஒருநாள் ஒரு அதிகாரி அந்த மீன் துண்டில் கை வைக்கப் போக, இவர் கரண்டியோடு குறுக்கே நின்று தண்டனையும் வாங்கினார். பாரிசில் நீங்கள் பிந்தினீர்கள், பழைய பழக்கத்தில் போட்டு மூடினார். விமலராஜுக்குப் பக்கத்தில் வைத்தது, கப்பலிலும் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டதால்தான்.

உங்கள் கடிதத்தை ஏர்னஸ்ற்றுக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "அவ பயந்திட்டா, பாவம். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

யூன் எட்டாம் திகதி எங்கள் மேசையில் தில்லை அண்ணைக்கு மூடின தட்டு இருக்கும், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும். இன்னும் எட்டு வருடம் கோபித்தாலும் நான் வைப்பேன்.

மாக்கிரட்

*

பலேர்மோ,
20.05.2025

அக்கா,

நீங்கள் பதில் போடவில்லை. ஏர்னஸ்ற்றை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள், நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது. வீடிருக்கிற பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து நாளும் போய் வருகிறேன். எப்போது விடுவார்கள் என்று டொக்டர் சொல்கிறார் இல்லை.

கூடலைத் தள்ளிப்போடுவோமா என்று மகேந்திரராசா அண்ணை கேட்டார். தள்ளிப்போட இவரிடம் நாள் இல்லை, ரிக்கற்றை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், ஆனாலும் சொன்னேன்.

நேற்று ஒட்சிசன் குழாயோடு கேட்டார், "தில்லை வாறானோ?"

"ஓம், வாறார்" என்று சொல்லிப்போட்டேன். பூசைக்குப் போகிறவள் நோயாளிக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். அதை மெய்யாக்குவது உங்கள் கையில்.

மாக்கிரட்

*

சிவமயம்

டோட்முண்ட்,
28.05.2025

மாக்கிரட் தங்கச்சிக்கு,

உமது கடிதங்கள் மூன்றையும் இவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். ஏசுவார் என்று இருந்தேன், ஏசவில்லை. "எட்டு வருசமா என்ரை சோறு ஆறிப்போய்க் கிடக்குது" என்று சொல்லிவிட்டு, எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினார்.

நான் பயந்தது பிழை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மனிசனுக்காகப் பயப்படாமல் வேறு ஆருக்காகப் பயப்படுவது? இப்போது நீரும் அந்த வாங்கில்தான் இருக்கிறீர். உம்மைத் தனியாக அதில் இருக்க விட எனக்கு மனம் வரவில்லை. என்னை விடப் பிடிவாதக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதும் பொறுக்கவில்லை.

மகள் துசானி ரிக்கற் போட்டுவிட்டாள். ரோமில் விமானம் மாறி வருவதால் உங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் பிந்துவோம். காத்திருக்க வேண்டாம், எல்லாரும் சாப்பிடுங்கள். இவருக்கு ஒரு தட்டு போட்டு மூடிவையும். நெஞ்சுவலிக்குப் பிறகு இவர் மீன், இறைச்சி என்று மச்சம் தொடுவதில்லை, மரக்கறி மட்டும் போடும். மீன் சட்டிக் கரண்டி அதில் படக் கூடாது.

ஏர்னஸ்ற் அண்ணைக்கும் ஒரு தட்டு போட்டு மூடும், உப்பில்லாமல். விமலராஜினதைத் தவிர அந்த மேசையில் வேறு எந்தத் தட்டையும் ஒருவரும் கவிழ்க்கக் கூடாது, நான் சொன்னதாகச் சொல்லும்.

இரண்டு தட்டையும் நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். வாசலில் மறித்தால் நீர் இத்தாலியனில் கதையும், நான் தமிழில் கதைக்கிறேன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைப்போம். மூடியை நான்தான் திறப்பேன்.

அக்கா,
ஞானம்