இருபத்தொரு கட்டத்துக்குக் கறுப்பு டேப்

வியாசர்பாடி,
மார்ச் 19

அன்பு மகள் செங்கொடிக்கு உன் நைனா நீலமேகம் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ரமாபாய் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு நன்றாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் முதலில் தெரிய வேண்டிய சங்கதி. தினமும் போனில் பேசுகிறவர் கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனை உன் அம்மா ஸ்பீக்கரில்தான் போடுகிறாள், நான் வாயைத் திறந்தால் பாதியில் அவள் பேசுகிறாள், இது அவளைப் பற்றிய விஷயம், அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ரமாபாய் தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள், கண் ஆபரேஷன் ஆன பிறகு எழுத்தும் தெளிவாக வருகிறது, வெளிநாட்டுக்கு எவ்வளவு தபால்தலை என்று அவளுக்குத் தெரியும். நான் பேசுவதை அப்படியே எழுதினால் கலீஜாக இருக்கும் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் ஏப்ரல் பதினாலு, அண்ணல் பிறந்தநாள் மேடையில் கரன்ட் போய்விட்டது, அதனால் அம்மா பாடவில்லை என்று உன்னிடம் சொன்னோம். கரன்ட் போகவில்லை. கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு அவள் குரல் இறங்கிப்போனது உனக்குத் தெரியும், எவ்வளவு இறங்கியது என்று எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. தண்ணி லாரி வரிசையில் நின்று அவள் தானே கட்டிய பாட்டு, வருஷா வருஷம் தெருவே சேர்ந்து சிரிக்கும் பாட்டு, முதல் அடியிலேயே குரல் மேலே போகாமல் உடைந்தது. கீபோர்டு வாசிக்கிற மனோகரன் நல்ல பையன், அவன் மேல் குற்றம் இல்லை. பின்னால் எட்டுப் பெண்கள் சேர்ந்து பாட நிற்கிறார்கள், "உங்களுக்கோசரம் சுதிய எறக்குனா அவங்களால பாட முடியாதும்மா, கொஞ்சம் தம் கட்டி ஏறி வாங்க" என்றான். இவள் இரண்டாம் தடவை முயன்றாள், அதுவும் உடைந்தது, முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பாட்டுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கி வந்தவள் அன்றிலிருந்து வாய் திறந்து ஒரு அடி பாடவில்லை. பால்வாடி வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், வருகிறாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டில் சத்தம் மட்டும் இல்லை. முப்பத்தாறு வருஷம் அந்தச் சத்தத்தோடு இருந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு மறுநாள் நீ போனில், நான் பாட்டு வாசிக்க வாங்கிய அந்தக் கட்டம் போட்ட மெஷின் பரண் மேல் சும்மாதானே கிடக்கிறது, நான் இனிமேல் அதையெல்லாம் தொடப்போவதில்லை, தௌசீஃப் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான் அவனுக்காவது பயன்படட்டும், எடுத்துக் கொடுத்துவிடு என்றாய். சரி, கொடுக்கும் பொருளைத் துடைத்துக் கொடுப்போம் என்று இறக்கினேன். நீ அதை வாங்கிவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, வெள்ளிக்கிழமை, மழை, பெட்டியை உன் சுடிதார் துப்பட்டாவில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினாய், நான் இது என்ன கேரம்போர்டா என்று கேட்டுச் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் இந்தக் கடிதத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வேலை செய்கிறதா என்று பார்க்க உன் பழைய லேப்டாப்பில் சொருகினேன், ஊருக்குப் போகுமுன் நீ காட்டியபடி திரையில் மூன்றாவது படத்தைத் திறந்து நீளப் பட்டனைத் தட்டினேன். உன் அம்மா பாடினாள். நாலு வருஷத்துக்கு முன் நீ பதிந்து வைத்த தண்ணி லாரிப் பாட்டு. "லாரி வந்தா கொடம் வருது, கொடம் வந்தா கோவம் வருது" என்று வருமே, அந்தக் கோவத்தில் குரலை இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவருவாளே, அந்தப் பழைய குரல். நல்ல வேளை, அவள் வேலைக்குப் போயிருந்தாள். அன்றே தௌசீஃபுக்குப் போன் போட்டு, மெஷின் இப்போது இல்லை, ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். யார் ஆள் என்று கேட்டான். நான்தான் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தான்.

இந்தப் பாட்டை இந்த மெஷினில் வாசிக்க வேண்டும், அவள் குரல் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும், இவ்வளவுதான் என் திட்டம். எழுத்துத் தெரியாதவனுக்கு இது சாத்தியமா என்று ரமாபாய் அன்றைக்கும் கேட்டாள், இன்றைக்கு எழுதும்போதும் கேட்கிறாள். இதில் படிக்க என்ன இருக்கிறது. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு ரப்பர்க் கட்டம், ஒன்றை அழுத்தினால் ஒரு ஒலி. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று இருபத்தாறு வருஷம் கை காட்டியவன் நான், பெட்டி நம்பர் எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இடது கதவில் சொட்டை விழுந்த சிவப்புப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது, எத்தனை அடுக்கு மேலே என்று சீட்டு வைத்திருக்கிற சூப்பர்வைசர் என்னைத்தான் கேட்பார். அதே கண்ணோடு உட்கார்ந்தேன். ஒரு கட்டம் வலது பக்கம் போனால் ஒலி ஒரு படி ஏறுகிறது, நடுவில் ஒன்றும் விட்டுப்போகவில்லை, எல்லாப் படியும் இருக்கிறது. அம்மாவின் கோவம் அதனால்தான் கிடைத்தது, பக்கத்துப் பக்கத்துக் கட்டம் நாலு, வலமிருந்து இடமாக விரலை நடத்தினால் அவள் இழுக்கிற மாதிரியே இறங்குகிறது. என் சுண்டுவிரல் ஒருமுறை பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டி மடங்கியதல்லவா, அது நீளாது, அதன் வேலையையும் பெருவிரல்தான் பார்க்கிறது.

தப்பு எங்கே செய்தேன் என்று கேள். ஒரு கட்டத்தை அழுத்தினால் தூரத்தில் இன்னொரு கட்டத்திலும் விளக்கு எரிந்தது. அதை அழுத்தினால் இது எரிகிறது, இரண்டிலும் ஒரே ஒலி. ஒரு வரிசையில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது கட்டத்தில் இருப்பது அப்படியே அதற்கு அடுத்த மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்றிலும் இருக்கிறது. யார்டில் ஒரே பெட்டி இரண்டு இடத்தில் இருக்கிறது என்று சீட்டில் வந்தால் அதில் ஒன்று திருட்டுக் கணக்கு, அன்றைக்கு ஒருவனும் வீட்டுக்குப் போக முடியாது. பரணில் கிடந்து ஈரத்தில் ஷார்ட் ஆகிவிட்டது, பொருளை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்க பயம். யோசித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி வந்து, எல்லாவற்றுக்கும் மேல் வரிசை தவிர மற்ற ஏழு வரிசையிலும் வலப்பக்கக் கடைசி மூன்று மூன்று கட்டத்தை ஒட்டி மூடினேன். மொத்தம் இருபத்தொன்று. இப்போது ஒரு ஒலிக்கு ஒரே இடம், யார்டு சுத்தம். அந்த மிச்சத்தில்தான் ஒரு மாதம் பழகினேன், காலையில் அம்மா போன பிறகு சத்தமாக, மத்தியானம் அவள் வந்த பிறகு உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. வெளியே கேட்பது ரப்பரில் விரல் விழுகிற டொக்கு டொக்கு மட்டும். என்னய்யா செய்கிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை, நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவில் இருக்கிற மாதிரி பாட்டு முழுதும் வந்துவிட்டது. இறக்குகிற வேலைதான் பாக்கி. குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் தன்னை மறந்து அந்தப் பாட்டின் தொடக்கத்தை ஒரு மூச்சு முனகுவாள், அந்த ஒலியை மனதில் பிடித்துக்கொண்டுவந்து தேடினால் பழைய இடத்திலிருந்து மூன்று கட்டம் இடது பக்கம் இருந்தது. மூன்று கட்டம் நகர்ந்தேன், பாட்டின் முதல் ஒலி வரிசையின் ஓரத்துக்கு வந்துவிட்டது, கோவத்துக்கு இறங்க இடமே இல்லை, கை மெஷினுக்கு வெளியே மேசையில் விழுகிறது. ஐந்து நாள் முட்டினேன். கடைசியில் மனசு விட்டு, இது நமக்கு ஆகாது என்று தௌசீஃபை வரச்சொன்னேன், எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான். வந்தவன் டேப்பைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மெஷினுக்கு இம்மாங் கட்டு போட்டு வச்சிகீற, பைக்ல வுயுந்துச்சா?" என்று கேட்டான். திருட்டுப் பெட்டி கதையைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டான் சிரிக்க முடியாமல். பிறகு ஒவ்வொரு டேப்பாக உரித்துக்கொண்டே சொன்னான், "அது திருட்டு இல்ல நைனா, அதான் வயி. இந்தப் பக்கம் எடம் முடிஞ்சா கீய் வரிசைல அந்தப் பக்கம் அதே சத்தம் ஒனக்கோசரம் காத்துகினு கீது. உருவம் மாறவே மாறாது, எங்க வெச்சாலும் அதே கைதான்." ஒரு வரிசை கீழே இறங்கி ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தேன், நான் டேப் ஒட்டி மூடி வைத்திருந்த அதே கட்டம். அங்கிருந்து அதே உருவம், அதே பெருவிரல், கோவம் முழுதாக இறங்கியது. எனக்கு வேண்டிய இடத்தை நானே ஒரு மாதமாக மூடி வைத்திருந்தேன் செங்கொடி. பட்டனை அழுத்தினால் மெஷினே மொத்தமாக இறக்கிவிடும் என்றும் தௌசீஃப் காட்டினான், நான் வேண்டாம் என்றேன், அவள் குரல் காலையில் ஒரு இடம் மாலையில் ஒரு இடம், மணலிப் பக்கத்து ஆலைக் காற்று வந்த அன்றைக்கு இன்னொரு இடம், பாடும்போது பட்டனைத் தேட முடியாது, கைதான் போக வேண்டும். அவன் வெறுங்கையோடு போனான், உரித்த டேப்பை உருண்டையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், கடையில் எல்லோருக்கும் காட்டுவானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் முதல் அடியை வாசித்தேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. மறுபடி வாசித்தேன். கோபித்துக்கொண்டாளா, அழுகிறாளா, முதுகைப் பார்த்து எப்படித் தெரியும். மூன்றாம் தடவை கோவத்தில் இறங்கும்போது, திரும்பாமலே சொன்னாள், "இன்னும் ஒண்ணு எறக்குயா. நான் இன்னா சின்னக் கொயந்தையா, அவ்ளோ மேல ஏறிப் பாட?" ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்தேன், அவ்வளவுதான் வேலை. செதிள் ஒட்டிய கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு பாடினாள். பழைய குரல் இல்லை, அடிவயிற்றிலிருந்து கரகரவென்று வருகிறது, கோபம் உண்மையாகவே கோபமாக இருக்கிறது, எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். முடித்துவிட்டுச் சொன்னாள், "ஒரு மாசமா டொக்கு டொக்குனு தட்டிகினு கீற, அந்தத் தட்டுலயே ஏம் பாட்டு தெரியாதா எனக்கு? எப்ப காதுல கீறத கயட்டுவேன்னு பாத்துகினு இருந்தேன்." அவளை ஏமாற்றினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இப்படி முடிந்தது.

இந்த ஏப்ரல் பதினாலுக்குப் பாடுகிறாயா என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று மட்டும் நீலப் புடவையை எடுத்து அயர்ன் கடையில் கொடுத்திருக்கிறாள், விழாவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. மனோகரனிடம் பேசிவிட்டேன், எட்டுப் பெண்களின் பாட்டுக்கு முன்னால் இவள் தனியாக, நான் மட்டும் வாசிக்க, மூன்று நிமிஷம் ஒதுக்கியிருக்கிறான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அவள் உடைந்தால் இன்னொரு வருஷம் வீடு சத்தமில்லாமல் போகும், ஆனால் இந்தமுறை அவள் கீழே போனால் நானும் கூடவே கீழே போவேன், அதற்கு இடம் இருக்கிறது. எங்களுக்கு இரவு ஏழு, உனக்கு மதியம் இரண்டரை என்று ரமாபாய் கணக்குப் பார்த்தாள், அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொண்டு போனில் இரு. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே, அந்த முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கு, ஈரக் காலுறையோடு தூங்காதே. மெஷினை யாருக்கும் கொடுக்க மாட்டேன், நீயும் இனி தொடமாட்டேன் என்று சொல்லாதே, டிசம்பரில் வந்தால் என்னிடம் கேட்டு முறை வாங்கிக்கொண்டு வாசி.

நீ நீண்ட ஆயுளோடு, குறையில்லாத மனசோடு, போகிற இடமெல்லாம் உன் இடமாக இருந்து வாழ வேண்டும், புத்தர் துணை, அம்மாவின் முத்தம் அவளுக்குத் தெரியாமல் நானே அனுப்புகிறேன். ஜெய் பீம்.

இதையும் ரமாபாய்தான் எழுதுகிறாள், கையெழுத்துக்கு மட்டும் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். இதுவரை கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலைத்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்கு நானே எட்டுக்கு எட்டுக் கோடு போட்டிருக்கிறேன், கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உள்ளே பாட்டின் முதல் அடிக்கு எட்டுப் புள்ளி வைத்து, போகவேண்டிய வழிக்குக் கோடும் இழுத்திருக்கிறேன். செல்போனிலேயே இதுமாதிரி கட்டம் வருமாம், தௌசீஃப் சொன்னான். கீழிருந்து இரண்டாம் வரிசை, ஐந்தாவது கட்டத்தில் தொடங்கு. இப்போது உன் அம்மாவின் குரல் இருக்கிற இடம் அது.

இப்படிக்கு,
கீழே கட்டம் போட்டிருக்கும் உன் நைனா