மூன்று செடி மேலே ஒரு சிவப்புத் துணி

உன்னைப் பொய்க்காரி என்று எழுதி ஒட்டினார்கள். சனசமூக நிலையத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் இன்றும் தொங்குகிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். இறந்தவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்க வேண்டும் என்பார்கள். உனக்கு நடந்தது நல்லது இல்லை. நான் ஏன் அப்படித் தொடங்க வேண்டும்?

வருகிற பங்குனியில் ஏழாம் நம்பர் மலைக்கு மறுபடியும் கவ்வாத்து என்று இன்று காலை வேலை பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நான் இன்று வேலைக்குப் போகவில்லை; லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிடுவார்கள். போன தடவை வெட்டி நாலு வருசம் ஆகிறது. நீ போய் இரண்டு.

தகரப் பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த உன் சிவப்புத் துணியை எடுத்தேன். பழைய சேலையில் கிழித்தது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். நுனியில் தேயிலைக் கறை. மூக்கில் வைத்தேன். வெட்டிப்போட்ட தேயிலைக் கிளையின் பச்சை வாசம் வந்தது. நாலு வருசம் ஒரு வாசம் துணியில் நிற்குமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்கு வந்தது.

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் இருபது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர்கள். முதல் தொட்டில் எப்போது கட்டினாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்ட ஒரு காலை. செடிக்குள் கையை விட்டவள் சுட்டதுபோல இழுத்துக்கொண்டாய். "அக்கா, உள்ளுக்குள்ள ஆள் இருக்கு" என்றாய். கிளைக் கவட்டில் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. மூன்று முட்டை, செம்புள்ளி போட்டது. தாய்க் கொண்டைக்குருவி பக்கத்து மரத்தில் இருந்து நம் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தது. நீ முந்தானை ஓரத்தைக் கிழித்து அந்தச் செடியில் கட்டினாய். பின்னால் வருகிறவள் தெரியாமல் கையை விட்டுவிடக் கூடாது என்று.

கங்காணி அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, கொழுந்த எடுக்காம போறியே, முத்திப் போகாதா? இது தேயிலத் தோட்டமா, பிள்ளப்பேறு ஆஸ்பத்திரியா?"

"ரெண்டுந்தாங்க" என்றாய். "உங்க மருமக புள்ள பெத்தப்ப லீவு குடுத்தாங்கல்ல? இந்தச் செடிக்கும் நாலு கிழம பிரசவ லீவு போட்டுக்கங்க."

மலையே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டார். அப்படித்தான் அந்தத் துணிக்குத் தொட்டில் என்று பெயர் வந்தது. பிறகு ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போது அதுவே பேச்சானது. "மேட்டு நிரையில தையக்காரக் குருவி இலையத் தச்சிருக்கு." "என் பக்கம் ரெண்டு குஞ்சு, வாயத் தொறந்தா என் மகன் மாதிரியே இருக்கு." எந்தக் குருவி எத்தனை நாள் அடைகாக்கும், எத்தனை நாளில் பறக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. துணி கட்டின நாளையும் அவிழ்த்த நாளையும் வைத்து நாங்களே தெரிந்துகொண்டோம். புழு விழுந்த வருசத்தில் தொட்டில் அதிகம் இருந்த நிரைகளில் இலைச்சுருட்டல் குறைவு என்று கங்காணிக்கு நீதான் காட்டினாய். அதன் பிறகு அவரே தொட்டிலைச் சுற்றிப் போகச் சொன்னார்.

நாம் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் தொட்டில் கட்டின கூடெல்லாம் காலியாகிக்கொண்டே வந்தது. பாம்பு என்றார்கள், கீரி என்றார்கள். நீ மத்தியானம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அக்கா, அந்தக் காக்காயப் பாரு. நிரை புடிச்சுப் போறான்." உண்மைதான். ஒரு சிவப்புத் துணியில் இறங்கி, உள்ளே தலையை விட்டு, அடுத்த சிவப்புத் துணிக்குப் போனது. கங்காணி வேலை பார்க்கிற மாதிரி வரிசை தப்பாமல் போனது. காக்கைக்குச் சாப்பாட்டு மேசை போட்டுக் கொடுத்தவர்கள் நாமேதான்.

அன்று நீ அழவில்லை. மறுநாள் எல்லாத் துணியையும் அவிழ்த்து, கூட்டில் இருந்து மேட்டுப் பக்கமாக மூன்று செடி தள்ளிக் கட்டினாய். துணியைப் பார்த்தால் மூன்று செடி கீழே கவனம். பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். காக்கைக்குத் தெரியாது. வெளி ஆட்களுக்கும் தெரியாது. அங்கேதான் வந்தது வினை.

கவ்வாத்துக்கு முந்தின மாதங்களில்தான் செடி உயர்ந்து அடர்ந்து நிற்கும். குருவிக்கும் அப்போதுதான் பிடிக்கும். நாலு வருசத்துக்கு முன்னால், அந்தப் பங்குனியில், ஏழாம் நம்பரில் மட்டும் நாற்பத்தொரு தொட்டில். கவ்வாத்தை வைகாசிக்குத் தள்ளச் சொல்லி நீ பெரிய துரையிடமே போய் நின்றாய். அந்த நேரம் தோட்டம், குருவிக்குக் கேடில்லாத தேயிலை என்று ஒரு சான்றிதழ் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகக் கொழும்பில் இருந்து நாலு பேர் வரப் போகிறார்கள், அவர்கள் பார்த்துக் கூடு இருக்கிறது என்று எழுதினால் தள்ளிவைக்கிறேன் என்றார்.

வந்தவர்கள் முதலில் எங்களைச் சனசமூக நிலையத்தில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். ஒருவர் கொண்டைக்குருவிப் படத்தைக் காட்டி, "இது என்ன பறவை, யாருக்காவது தெரியுமா?" என்றார். நீ எழுந்து, "எங்க நாத்தனாருங்க. கொண்டையத் தூக்கிக்கிட்டு விடியக்காலயில இருந்து சத்தம் போடும்" என்றாய். உன் நாத்தனார் பின்வரிசையில் இருந்து செருப்பைக் கழற்றினாள். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடுகளைத் தொடாதீர்கள் என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தொடாமல் இருப்பதற்காகவே துணி கட்டினவர்களுக்கு! நாற்பத்தொரு கூடு என்று நீ சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று கேட்கவில்லை.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் நீ, "மூணு செடி விசயத்தச் சொல்லிடுவோமாக்கா?" என்றாய். நான்தான், "கேக்கட்டும் புள்ள. கேக்காதவங்களுக்கு நாம ஏன் வலியப் போயி சொல்லணும்?" என்றேன். மறுநாள் உனக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக். நீ பசறையில் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். அவர்கள் ஏழாம் நம்பருக்கு வந்தார்கள். நான் அடுத்த நிரையில் நின்றேன். சிவப்புத் துணி கட்டின செடி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். ஒன்றிலும் கூடு இல்லை. ஒருவர் குனிந்திருந்த இடத்துக்கு மூன்று செடி கீழே ஒரு தாய்க்குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். நான் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்கின் நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். படித்தவர்கள்தானே, தேடட்டும் என்று சிரித்தேன்.

இப்போது சொல்லிவிட்டேன். நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. என் பங்கு எனக்குத் தெரியும். ஆனால் என் பங்கைக் காட்டி அவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள விடமாட்டேன். கொழுந்துக் கூடையோடு நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். "அம்மா, கூடு எங்கே?" என்று ஒரு கேள்வி. என் வீம்பு அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நின்றிருக்காது. அந்தக் கேள்வியை நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு கிழமையில், ஏழே நாளில், தாள் வந்தது. உனக்கு எழுத்துத் தெரியாது. நான் பசறைக் கடைகளில் சாமான் சுற்றி வந்த தாள்களை வைத்து எழுத்துக் கூட்டினவள். பலகை முன்னால் நின்று, "என்னக்கா போட்டிருக்கு?" என்றாய். ஒளிக்காமல் வாசித்தேன். ஏழாம் நம்பர் மலையில் கூடுகள் இல்லை. துணிகள் தொழிலாளப் பெண்களின் மூடநம்பிக்கை. தகவல் கொடுத்த பெண் கூறியது பொய்.

"அந்தப் பொய்யிங்கிற வார்த்தை எது அக்கா? தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினேன். நீ அந்த இடத்தில் விரலை வைத்தாய். நீ விரல் வைத்துப் பார்த்த முதல் எழுத்து அதுதான்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் நல்ல மனிதர், எழுந்து நின்றுதான் பேசினார். "அம்மா, அறிக்கை வந்திட்டுது. அதுக்கு மேல நான் ஒண்டும் செய்யேலாது" என்றார். இரண்டு நாளில் கத்திகள் ஏறின. வெட்டுகிற ஆண்கள் நம் ஆட்கள்தான். கூடு தெரிந்ததும் சிலர் கையை நிறுத்தினார்கள். ஆனால் வெட்டின கிளையில் கூடு தெரியும்போது கூட்டுக்கு வேலை முடிந்துவிட்டது. நீ படங்கை விரித்துக்கொண்டு நிரை நிரையாகப் போனாய். இறகு முளைக்காத குஞ்சுகள். உன் காம்பராவில் அடுப்புச் சூட்டில் வைத்துப் பார்த்தாய். ஒன்றும் தங்கவில்லை. ஒருத்தன் போகிற போக்கில், "என்னக்கா, இல்லாத கூட்டுக்கு ஒப்பாரியா?" என்றான். நீ படங்கைத் திறந்து காட்டினாய்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட நீ உன் நோயைப் பற்றிப் பேசவில்லை. "நான் பொய் சொல்லலக்கா" என்றாய். எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

அரிய குருவி என்றால் காப்பாற்றலாம், கொண்டைக்குருவி ஊரெல்லாம் இருக்கிறதே என்று கொழும்பில் இருந்து வந்தவர்களில் ஒருவர் அன்றைக்குச் சொன்னார். எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊரெல்லாம் இருப்பதை வெட்டலாம் என்று எந்தச் சாமி சொன்னது?

போதும். பங்குனிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அதே பலகையில், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன்.

பெரிய துரை கவ்வாத்தை வைகாசிக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் தேயிலை செத்துவிடாது, முன்னே பல வருசம் வைகாசியில்தான் வெட்டினார்கள். அந்தத் தாளை எழுதினவர்கள் வர வேண்டும். ஆளை அனுப்பாமல் தாங்களே வந்து தங்கள் கையால் அதைக் கிழிக்க வேண்டும். "அந்தப் பெண் சொன்னது உண்மை, நாங்கள் கேட்கத் தவறினோம்" என்று தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, அவர்கள் அறிக்கை எழுதுகிற இங்கிலீசில் ஒன்று எழுதி ஒட்ட வேண்டும். வகுப்பு எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். ஆனால் முதல் நாள் அவர்கள் கீழே உட்கார வேண்டும், கொழுந்துப் பெண்கள் நின்று சொல்லித் தர வேண்டும். கிளாக்கர் ஐயா தொட்டில் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும், அது அவரால் ஏலும்.

கத்தி பிடிக்கிற ஆண்களுக்கு மூன்று செடி விசயத்தை நம் பெண்கள் சொல்லிவிட வேண்டும். இது நம் பங்கு. காக்கைக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும். உன் நாத்தனார் ஏற்கனவே சேலை கிழிக்கத் தொடங்கிவிட்டாள், நேற்று வரை ஏழாம் நம்பரில் முப்பத்திரண்டு தொட்டில்.

கடைசியாக நான். உன் துணியை இன்று படங்குக் கயிற்றில் முடிந்துகொண்டேன். ஒருவரும் ஒன்றும் செய்யாமல் பங்குனி வந்துவிட்டால், கத்தி ஏறுகிற காலையில் அதை ஏழாம் நம்பரின் முதல் நிரையில் கட்டுவேன். கட்டிவிட்டு மூன்று செடி கீழே போய் நிற்பேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும். இந்தத் தடவை கேட்காமலே சொல்வேன்.