குடில் பெட்டியில் நீ வைத்த வரிசை

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கும் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் நீலச் சேலையின் வாசனையும் வந்தது. மூடிவிட்டுப் பட்டறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். கரண்டும் இருந்தது, வேலையும் இருந்தது. லேத்தை ஓட்டத்தான் மனம் இல்லை.

கல்யாணமான முதல் டிசம்பரில் நான் குழந்தை இயேசுவை முதலில் எடுத்து நடுவில் வைத்தேன். நீ சிரித்தாய். "ஏனுங்க, ஒலகமே இன்னும் உண்டாகலே. அதுக்குள்ள கொழந்தை எங்கீங்க படுக்கும்?" அன்றிலிருந்து நம் வீட்டுக் குடில், பைபிளின் தொடக்க நூலில் கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்த வரிசையில்தான் எழுந்தது. முதலில் சீரியல் லைட். அடுத்து வானமாக உன் நீலச் சேலை. பிறகு நிலமாக விரிக்கும் சாக்கு, காகித நட்சத்திரம், கண்ணாடிக் குளத்துக்கு மீன், ஆடு மாடு, கடைசியில்தான் மனிதர்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அப்படியே தலைகீழாக அடுக்குவாய். மனிதர்கள் அடியில், லைட் மேலே. அடுத்த வருடம் திறந்தால் படைப்பு தானாக வரிசையில் வெளியே வரும். "சாமி அள்ளி எறியலீங்க, பிரிச்சுப் பிரிச்சு எடத்துல வெச்சாரு" என்பாய். ஸ்பேனரை எங்கோ போட்டுவிட்டு நாளெல்லாம் தேடுகிற எனக்கான குத்தல் அது.

இந்த ஜனவரியிலும் அப்படித்தான் அடுக்கினாய். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பால் வாங்கப் போன உன்மேல் பஸ் ஏறியது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தவர் அந்தப் பஸ்ஸை எந்த இடத்தில் வைத்தார்? பாதரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசைக்குப் போகிறேன், மண்டியிடுகிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் மறுபடி திறந்தேன். லைட் எரிந்தது. சேலையைச் சுவரில் கட்டினேன். அதற்குக் கீழே கை போகவில்லை. அங்கே இருப்பது உன் கை கடைசியாக வைத்த ஒழுங்கு. எடுத்துவிட்டால், திரும்ப அடுக்கப் போவது நான்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, சேலை மட்டும் தொங்குது? குடில் கட்டலீங்களா?"

"கட்டீட்டுத்தான் இருக்கறேன் அம்மணி. இன்னும் ரெண்டாம் நாளுதான் ஆகுது."

அவளுக்குப் புரிந்திருக்காது. நீதான் ஒருமுறை பைபிளில் விரல் வைத்துக் காட்டினாய். மற்ற நாள்களில் எல்லாம் கடவுள் தாம் செய்ததைப் பார்த்து நல்லது என்கிறார். வானத்தை உண்டாக்கிய இரண்டாம் நாளில் மட்டும் அந்தச் சொல் இல்லை. ஏன் என்றேன். "வேலை பாதியில நிக்குதுங்க. பாதியில எப்பிடி நல்லாருக்குதுன்னு சொல்றது?" என்றாய்.

நான் அங்கேதான் நிற்கிறேன். உன் பேச்சில் இப்போது நான் பிடித்துக்கொள்ள மிஞ்சியது அது ஒன்றுதான். நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடவுளும் ஒருநாள் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார்.

நாளைக்குச் சாக்கை எடுத்து விரிக்க வேண்டும். கை வருமா, தெரியவில்லை. பெட்டியை மட்டும் இன்னும் மூடவில்லை.