கம்பெனியே போட்ட வழக்கு

அன்புள்ள அக்கா,

நான் ஜெயித்துவிட்டேன். ஸ்டோரில் செம்புக் கம்பியைத் திருடினேன் என்று எங்கள் அரசு நிறுவனம் என் மேல் போட்ட வழக்கை ஹைகோர்ட் இன்று ரத்து செய்துவிட்டது.

போலீஸ் விசாரிக்கவே இல்லை. குற்றம் சொன்னதும், விசாரித்ததும், கோர்ட்டுக்குப் போனதும் ஒரே அதிகாரி. "ஒத்துக்கோ, விட்டுடறோம்" என்றார். உன் வீட்டில் மாமாவும் அதையே சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த வழக்கு சரிதானா என்று உங்களைத் தவிர யாராவது பார்த்தார்களா?" என்று நீதிபதி கேட்டார். அதிகாரி தன் கையெழுத்தையே திரும்பக் காட்டினார். இனி வெளியாள் ஒருவர் ஆராய்ந்து சம்மதித்தால்தான் எங்கள் நிறுவனம் தொழிலாளி மேல் வழக்குப் போட முடியும். அதுவும் தீர்ப்பில் இருக்கிறது.

எங்களோடு வேலை பார்த்த தங்கவேல் அண்ணன், இதே மாதிரி வழக்கில் முன்பே பயந்துபோய், செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டவர். நான் கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கெலிச்சிட்டம்மா! இனிமே என் கேஸையும் பாப்பாங்கோ இல்ல?" என்று அழுதார். பார்க்க வைப்போம் என்றேன்.

இந்தத் திருட்டு வழக்கால் உன் மகள் மதிவதனி கல்யாணத்துக்கு நான் வராததைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாமா இருக்கும்போதே வருவேன். இந்த முறை தெருவே பார்க்க, முன்வாசல் வழியாக.

உன் தங்கை