வால் முளைக்காத சொற்கள்

நண்பா,

உன் காரியத்துக்குக் குறிஞ்சிப்பாடி வந்துவிட்டுக் கிளம்பும்போது உன் மனைவி ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். இப்போது அது என் க்வார்ட்டர்ஸ் மேசைமேல் கிடக்கிறது. ஓரமெல்லாம் கிரீஸ் கறை. முகர்ந்து பார்த்தேன். பெல்ட் ரப்பரும் நிலக்கரித் தூசியும் கலந்த அதே வாடை.

நாம் இருவரும் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆட்களாக இருந்தபோது, பர்மனென்ட் பரீட்சைக்குப் படித்த நோட்டு. ஷிஃப்ட் பஸ்ஸின் கடைசி சீட்தான் நமக்குப் பள்ளிக்கூடம். கணக்கு எனக்கு வரும், இங்கிலீஷ் உனக்கு வரும். குயிக் என்பது வினைச்சொல்லோடு சேர்ந்தால் குயிக்லி ஆகும், ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகும் என்று நான் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டபோது நீ புதுப் பக்கத்தைத் திருப்பினாய். ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஏர்லி, ஸ்ட்ரெய்ட். பஸ்ஸைச் சொன்னாலும் ஃபாஸ்ட்தான், அது ஓடுவதைச் சொன்னாலும் ஃபாஸ்ட்தான் என்றாய். தமிழில் வேகமான, வேகமாக என்று ஒழுங்காக மாறுகிறதே, இவற்றுக்கு என்ன கேடு என்று எரிந்து விழுந்தேன்.

நீ சிரித்தாய். “இதுங்களுக்கு ‘லி’ன்னு வால் மொளைக்காது மச்சான். எங்க போனாலும் ஒரே மூஞ்சி.”

உனக்கும் அப்படித்தான். ஆபீசர் முன்னாலும் டீக்கடையிலும் ஒரே முகம்.

பரீட்சையன்று நம் இருவருக்கும் முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடியும், நான்கு மணிக்குப் பரீட்சை. நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. கான்ட்ராக்ட் ஆட்கள் வாரா வாரம் மாறுவதால் யாருக்கு யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டேகால் ஆகியும் யாரையும் காணோம். அப்போது நீ ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாய்.

“உன் ஆளு வந்துட்டாரு. என் ஆளைத்தான் காணோம். நீ கெளம்பு, நேரமாவுது.”

நீ உன் முனைக்குத் திரும்பி நடந்தாய். நான் ஓடிப் போய் எழுதினேன். அந்த ஐந்து சொற்களில் மூன்று கேள்வித்தாளில் வந்தன. நான் பர்மனென்ட் ஆனேன். அடுத்த பரீட்சை வருவதற்குள் உனக்கு வயது தாண்டிவிட்டது. கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

உனக்கு ராசியில்லை என்று எத்தனை தடவை உன்னிடமே சொல்லியிருப்பேன். பெரிய மனுஷன் மாதிரி தோளில் தட்டி வேறு சொல்வேன். நீயும் ஆமாம் போட்டுக்கொண்டே டீயைக் குடிப்பாய்.

காரியத்தன்று உன் மனைவியிடமும் அதையே உளறினேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

“பரீட்சையன்னிக்கு வந்தவரு அவரோட ஆளுதாங்கண்ணே. உங்க ஆளுதான் வரல. உங்களுக்குக் கொழந்த பொறந்து ஒரு மாசந்தான் ஆவுதுன்னு உங்கள அனுப்பிட்டாராம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு.”

எனக்கு உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் நாலு திட்டாவது திட்டியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? பிறகு பஸ்ஸில் அழுதேன், பக்கத்து சீட்காரர் பார்க்கப் பார்க்க.

அந்தப் பரீட்சை நாளிலிருந்து நான் எந்த ஷிஃப்ட்டுக்கும் அரைமணி முன்னதாகவே போய்விடுவேன். எனக்காக யாரும் உன்னைப் போல் காத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று வந்த பழக்கம். கூட வேலை செய்யும் பையன்கள் கேலி செய்வார்கள். நாளைக்கும் முதல் ஷிஃப்ட். நாளைக்கும் முன்னதாகவே போவேன். இத்தனை வருஷமும் என் இடம் என்று நினைத்துப் போனேன். நாளை, நீ எனக்கு விட்டுக்கொடுத்த உன் இடத்துக்குப் போகிறேன்.